மார்பகப் பரிசோதனை: வெப்பப் படமா, மேமோகிராமா, கையா?

வலி இல்லை, யாரும் தொடமாட்டார்கள், கதிர்வீச்சு இல்லை. மார்பகத்தை வெப்பப் படம் எடுக்கும் தெர்மோகிராபிக்குச் சொல்லப்படும் இந்த மூன்றும் உண்மைதான். கூச்சத்தால் பரிசோதனையையே தள்ளிப்போடும் பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் புற்றுநோய் இருந்தால் அது கண்ணில் படுமா?

வளரும் கட்டி தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளும். அந்த இடம் கொஞ்சம் சூடாகும். குளிரூட்டிய அறையில் சிறிது நேரம் உட்காரவைத்து, தோலின் வெப்பத்தை அகச்சிவப்புக் கேமராவில் படமெடுப்பதுதான் தெர்மோகிராபி. சிக்கல் என்னவென்றால், கேமரா பார்ப்பது தோலை மட்டுமே. ஆழத்தில் இருக்கும் சிறு கட்டியின் சூடு மேலே வருவதற்குள் மங்கிவிடும். பால்கட்டு, சீழ் போன்றவையும் சூடாகத்தான் தெரியும்.

மார்பகத்தை அழுத்தி எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் உள்ளேயே பார்க்கிறது. தொட்டால் தெரியாத, கட்டியாகக்கூட ஆகாத நிலையில் படியும் கால்சியத் துகள்களைக் காட்டுவதில் அதற்கு இணை இல்லை. அழுத்தும்போது வலிக்கும், சரி. கதிர்வீச்சு? சுமார் 0.4 மில்லிசீவர்ட், இயற்கையிலிருந்து ஏழு வாரங்களில் நாம் எப்படியும் வாங்கிக்கொள்ளும் அளவு. உண்மையான குறை வேறு: இளம் பெண்களின் அடர்த்தியான மார்பகத்தைப் படமெடுத்தால் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. அங்கே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கைகொடுக்கும்.

தெர்மோகிராபி ஒன்றும் புதுசு இல்லை. 1956-லேயே மாண்ட்ரியலில் ரே லாசன் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதினார். 1970-களில் அமெரிக்காவின் பெரிய பரிசோதனைத் திட்டம் ஒன்றில் மேமோகிராமோடு சேர்த்து இதையும் வைத்துப் பார்த்தார்கள். தவறவிட்டவை அதிகம் என்று பாதியிலேயே கைவிட்டார்கள். மேமோகிராமுக்கு இது மாற்றில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2019-இலும் எச்சரித்தது. இப்போது பெங்களூரின் நிராமை போன்ற நிறுவனங்கள் படத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துப் படிக்கவைக்கின்றன. கேமராவும் கணிப்பும் அன்றைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் இதனால் இறப்பு குறைந்தது என்று காட்டும் பெரிய சோதனை இன்னும் வரவில்லை.

மேமோகிராம் எந்திரம் எட்டாத ஊர்களுக்குத்தான் இது என்பார்கள். அப்படியானால் போட்டி மேமோகிராமோடு இல்லை, கையோடு. 1998-இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கியது. மருத்துவர்கள்கூட இல்லை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 2021-இல் வெளியான முடிவில் 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் கேமராவுக்கு இந்த அளவு சான்றுகூட இல்லையே!

என் கணக்கில், வசதி இருந்தால் 40-க்கு மேல் மேமோகிராம். இல்லையென்றால் அரசு சுகாதார நிலையத்தில் கைப்பரிசோதனை. முகாமில் வெப்பப் படம் எடுத்தால் அதை உபரியாக வைத்துக்கொள்ளலாம். மார்பகத்தில் கட்டி தட்டுப்பட்டவருக்கு மட்டும் இந்த அலசலே வேண்டாம். வெப்பப் படம் ‘நார்மல்’ என்று வந்திருந்தாலும் ஸ்கேன், தேவைப்பட்டால் துளி திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி என்று போய்விட வேண்டும்.