செலிப்ரேஷன் டே: ஒரு டிரம்ஸ்காரன் பார்வையில்

லெட் செப்பெலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 2007 டிசம்பர் 10 அன்று லண்டன் ஓ2 அரங்கில் நடத்திய கச்சேரி, 2012இல் 'செலிப்ரேஷன் டே' என்ற படமாக வந்தது. அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டு மாடியில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நேரத்துக்கு மேல், பேட்டி கீட்டி எதுவும் கிடையாது. நல்லதாய்ப் போயிற்று.

சேலத்தில் ஆடித் திருவிழா மேடைகளில் டிரம்ஸ் வாசிக்கிறவன் நான். அதனால் கண்ணெல்லாம் ஜேசன் பான்ஹம் மேல்தான். இவருடைய அப்பா, குழுவின் டிரம்ஸ்காரர் ஜான், 1980இல் இறந்ததோடு கலைந்த குழு. அவர் இடத்தில் இப்போது மகன். 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில் அப்பா ஒற்றை பெடலில் அடித்துப் பேர் வாங்கிய கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) அடிகளை அசராமல் போட்டுவிட்டு, பின்னணிக் குரலும் கொடுக்கிறார்!

'காஷ்மீர்' தான் உச்சம். கிட்டார் மூன்று மூன்றாகச் சுற்றுகிறது, டிரம்ஸ் நாலிலேயே நிற்கிறது. இரண்டும் சமத்தில் வந்து விழும்போது நம்மை அறியாமல் தொடை தட்டுகிறோம். குழுவின் பேஸ் கிட்டார்காரர் ஜான் பால் ஜோன்ஸ் கையில் கீபோர்டு, காலில் பேஸ் பெடல். இந்த மனிதரை கேமரா இன்னும் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

பாடகர் ராபர்ட் பிளான்ட்டுக்கு அப்போது 59 வயது. சில பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் பாடுகிறார், தொண்டை தெரிந்தவர். நடுநடுவே செருகிய புள்ளி புள்ளியான பழைய பாணிக் காட்சிகள்தான் எரிச்சல்.

டிவி ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள், கிக் டிரம் காதிலேயே விழாது. சிடியும் சேர்ந்த பெட்டி கிடைத்தால் வாங்கலாம். ஏற்காடு மலைப்பாதையில் காரில் போட்டுக்கொள்ள ஆகும்.