இரண்டு ரூபாய்க் காசும் ஒரு ஸ்கேலும்: இரண்டு ஆண்டு அனுபவம்

மகள் இரண்டாம் வகுப்பில் படித்தபோது தொடங்கிய காசு சுண்டும் விளையாட்டு, அவள் நான்காம் வகுப்புக்கு வந்த பிறகும் எங்கள் சாப்பாட்டு மேசையில் தொடர்கிறது. இரண்டு ரூபாய்க் காசு, 30 செ.மீ. ஸ்கேல், சாக்பீஸ் போதும். மேசை ஓரத்தில் கோடு கிழித்து, அங்கிருந்து காசைச் சுண்ட வேண்டும். காசு நின்றதும், ஸ்கேலைத் தொடும் முன்பே ஒவ்வொருவரும் தூரத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும். ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வித்தியாசம்தான் புள்ளி. பத்து ஆட்டத்தில் குறைந்த புள்ளி எடுத்தவருக்கே வெற்றி.

விளையாட்டின் உயிரே அந்த ஊகம்தான். முதல் மாதம் அது இல்லாமல், அதிகத் தூரம் சுண்டியவர் வெற்றி என்று ஆடினோம். காசு கீழே உருண்டதுதான் மிச்சம்.

ஒருநாள் அக்கா மகன் வந்திருந்தான். ஒரே காசுக்கு மகள் 24 என்றாள், அவன் 26.5 என்றான். "சித்தி, அவள் தப்பாக அளக்கிறாள்" என்று முறையிட்டான். குனிந்து பார்த்தேன். அவள் காசின் முன்விளிம்புவரை அளந்திருந்தாள், அவன் பின்விளிம்புவரை. இடையில் இருந்த 2.5 செ.மீ. காசின் குறுக்களவு! நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அரைமணி நேரம் வாதாடி, முன்விளிம்பு என்று அவர்களே முடிவு செய்தார்கள். எதை அளந்தாலும் 'எங்கிருந்து, எதுவரை?' என்று மகள் கேட்பது அன்று தொடங்கிய பழக்கம்.

பூஜ்யம்தான் பெரிய தடையாக இருந்தது. எங்கள் மர ஸ்கேலின் நுனியில் அரை செ.மீ. வெற்றிடம் உண்டு; அவள் நுனியையே கோட்டில் வைப்பாள். முதல் 4 செ.மீட்டரைக் காகிதம் ஒட்டி மறைத்து, 4-ஐக் கோட்டில் வைத்து அளக்கச் சொன்னேன். காசு 19-இல் நின்றால் ஒரு வாரம் 19 என்றே சொன்னாள். ஒரு மாலை இடைவெளிகளை விரலால் தொட்டு எண்ணி, "பதினைந்துதான் அம்மா" என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

துணி டேப்பை நம்பாதீர்கள். நாங்கள் வாங்கியது ஓராண்டில் இழுபட்டு, 90 செ.மீ. மேசையை 89 என்று காட்டியது.

ஐந்து வயதுக்குக் கீழே ஸ்கேல் வேண்டாம். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே தூரத்துக்கு ஒருவருக்கு 14, மற்றவருக்கு 11 வரும். கொட்டைகள் ஒரே அளவில் இல்லை என்று அவர்களே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

இந்த வாரம் மகள் காசுக்குப் பதில் கேரம் ஸ்ட்ரைக்கரைக் கேட்டாள். ஆடும் முன் அதன் குறுக்களவை நோட்டில் குறித்துக்கொண்டாள்: 4.1 செ.மீ.