பேட்ச்: போஸ்டுக்குள் ஒளிப்பதா, சர்விஸை மாற்றி எழுதுவதா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றுக்குக் கொழுந்து நிறுவைக் கணக்கு வைக்க ஜாவாவில் ஒரு செயலி செய்துகொடுத்தேன். நிறுத்த எடை பிழையாகப் பதிவானால் அந்த ஒரு எண்ணை மட்டும் திருத்த வேண்டும். செயலி சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் எச்டிடிபி நெறியில் புதுப் பதிவுக்கு போஸ்ட் என்ற முறை, இப்படி ஒரு பகுதியை மட்டும் திருத்தத் தோதான முறை பேட்ச். 2010இல் ஆர்எஃப்சி 5789 என்ற இணைய நெறி ஆவணமாக வந்தது. ஆனால் சர்வரில் கோரிக்கைகளைக் கையாளும் ஜாவா வகுப்பான பழைய எச்டிடிபி சர்வ்லெட்டுக்கு அதைத் தெரியாது. அனுப்பினால் 501, அதாவது இந்த முறைக்கு வசதியில்லை என்று திருப்பிவிடும்.

போஸ்டாகவே அனுப்பி, உண்மையான முறையை கோரிக்கையின் தலைப்பகுதியில் எக்ஸ்-எச்டிடிபி-மெதட்-ஓவர்ரைட் என்ற ஹெடரில் சொல்லி, உள்ளே சர்வ்லெட்டுக்கு முன் ஓடும் ஒரு ஃபில்டரால் மாற்றிக்கொள்வது ஒரு வழி. ஜாவா 8 ஓடும் பழைய கணினிக்கு இது வசதிதான். அதில் கோரிக்கை அனுப்ப உள்ள எச்டிடிபி யுஆர்எல் கனெக்‌ஷன் பேட்ச் என்றாலே எக்ஸெப்ஷன் எறியும். ஜாவா 11இன் எச்டிடிபி கிளையண்டில் அந்தத் தொல்லை இல்லை.

நான் எடுத்தது மற்ற வழி. கோரிக்கையை முறைவாரியாகப் பிரித்துவிடும் சர்விஸ் என்ற சர்வ்லெட்டின் ஜாவா மெதடை நாமே மாற்றி எழுதி, பேட்ச் வந்தால் மட்டும் நம் பக்கம் திருப்பி, மீதியை சூப்பரிடம், அதாவது மூல வகுப்பிடம், விடுவது. ஐந்தாறு வரிதான்.

காரணம் ஒன்றே: யார் திருத்தலாம் என்ற கேள்வி. எடை பதிவது கங்காணி, திருத்துவது கணக்கப்பிள்ளை. இந்த விதியை செயலியின் அமைப்புக் கோப்பான வெப் எக்ஸ்எம்எல்லில் முறைவாரியாக எழுதியிருந்தேன். சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டொம்கெட் அதைச் சரிபார்ப்பது ஃபில்டர் ஓடுவதற்கு முன்னால். ஒளித்து அனுப்பினால் அதன் கண்ணுக்கு எல்லாமே போஸ்ட். கங்காணியின் திருத்தமும் உள்ளே போய்விடும். வந்த கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் அக்சஸ் லொக்கிலும் அப்படியே, புதுப் பதிவும் திருத்தமும் ஒரே முகம். ஹெடரையும் லொக்கில் எழுதச் சொல்லலாம், ஆனால் அனுமதிப் பிரச்சினை அதனால் தீராது. கிலோவில் கைவைத்தால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதிலும் ஒரு பொறி உண்டு. படிவமாக அனுப்பினால், அதன் மதிப்புகளை எடுக்கும் கெட்பராமீட்டர் வெறுமையாக வரும், ஏனென்றால் டொம்கெட் வழக்கமாக போஸ்டின் உடலை மட்டுமே பிரித்துப் பார்க்கும். டொம்கெட்டின் கனெக்டர் அமைப்பில் பார்ஸ்பொடிமெதட்ஸ் என்பதில் பேட்சையும் சேர்க்க வேண்டும். எனக்கு அரை நாள் போனது இதில்தான். படிவத்துக்குப் பதில் ஜேசன் வடிவில் அனுப்புபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

சர்வ்லெட் 6.1இல் பேட்சுக்கென்றே டூபேட்ச் என்ற மெதட் வந்துவிட்டது, டொம்கெட் 11இல் கிடைக்கிறது. வீட்டில் சும்மா ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. தோட்டத்தில் இன்னும் போடவில்லை. ஜாவா 17உம் வேண்டும், பக்கேஜ் பெயர்களில் ஜாவக்ஸ் என்று இருப்பதையெல்லாம் ஜகார்த்தா என்று மாற்றவும் வேண்டும். அதுவரை அந்த ஐந்தாறு வரி இருக்கட்டும்.