இதயச் சுற்றோட்ட மாதிரிக் கருவி: பள்ளி ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

பத்தாம் வகுப்பின் சுற்றோட்டப் பாடத்துக்காக, கையால் அழுத்தி இயக்கும் இதய மாதிரிக் கருவி ஒன்றை மதுரை மேலமாசி வீதிப் பக்கம் உள்ள ஓர் ஆய்வகப் பொருள் கடையில் எங்கள் மேலூர் வட்டாரப் பள்ளிக்கு வாங்கினோம். விலை 2,600 ரூபாய். பலகையில் பொருத்திய இரண்டு ரப்பர் குமிழ்கள், நான்கு வால்வுகள், ஒளி ஊடுருவும் குழாய்கள், நீரில் கலக்கச் சிறிது சிவப்புச் சாயம் ஆகியவை இதில் உள்ளன.

வால்வுகளுக்காகவே இதை வாங்கலாம். தசையால் சுருங்க மட்டுமே முடியும். இரத்தம் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை முடிவு செய்பவை வால்வுகளே. ஒரு வால்வுத் தகட்டைக் கழற்றிவிட்டுக் குமிழை அழுத்தச் சொன்னால், எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் நீர் முன்னும் பின்னும் அலைகிறதே ஒழியச் சுற்றி வருவதில்லை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுகொள்கிறார்கள். வலப்பக்கம் நுரையீரலுக்கும் இடப்பக்கம் உடலுக்கும் இரத்தத்தை அனுப்ப, இரண்டு சுற்றுகளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதையும் குழாய்களின் அமைப்பு தெளிவாகக் காட்டுகிறது.

இரண்டு குமிழ்களும் ஒரே தடிமனில் இருப்பது குறை. ஓய்வில் இருக்கும் மனிதரில் இதயத்தின் கீழறைகளான இரண்டு வெண்ட்ரிக்கிள்களும் துடிப்புக்கு ஏறத்தாழ 70 மி.லி. என ஒரே அளவு இரத்தத்தைத்தான் வெளியேற்றுகின்றன. ஆனால் உடல் முழுவதும் அனுப்ப அதிக அழுத்தம் வேண்டியிருப்பதால், இட வெண்ட்ரிக்கிளின் சுவர் வலப்பக்கத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு தடித்திருக்கும். இதற்கு நான் கறிக்கடையில் ஆட்டு இதயம் ஒன்றை வாங்கி வந்து அறுத்துக் காட்டுகிறேன். இதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனி வழியாக நீரை ஊற்றினால், அதன் வாயிலில் உள்ள பிறை வடிவ அரைச்சந்திர வால்வுகள் நிரம்பி மூடிக்கொள்வதையும் அதில் பார்க்கலாம்.

பெரிய குறை, தமனிகளாகக் கொடுத்திருக்கும் விறைப்பான பிளாஸ்டிக் குழாய்கள். குமிழை விட்டவுடன் நீரோட்டம் நின்றுவிடுகிறது. நம் உடலில் இதயம் தளரும் நேரத்திலும் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதயம் சுருங்கும்போது விரிந்துகொடுக்கும் பெருந்தமனியின் மீள்தன்மை கொண்ட சுவர், தளரும்போது பழைய நிலைக்குத் திரும்பி இரத்தத்தை முன்னே தள்ளுவதே காரணம். பெரியாஸ்பத்திரிப் பக்கத்து சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாயை அந்த இடத்தில் பொருத்தி, அதன் மறுமுனையைக் கிளிப்பால் சற்று நெருக்கிப் பாருங்கள்: விட்டுவிட்டு வந்த நீர் தொடர்ந்து வரத் தொடங்கும். தயாரிப்பாளரே இந்தக் குழாயைச் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

தந்துகிகள் இக்கருவியில் பலகையில் வரைந்த வலைக்கோடுகள் மட்டுமே. இரத்தம் சுழன்று வருகிறது என்பதை 1628-இல் நிறுவிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வியால் தமனியையும் சிரையையும் இணைக்கும் இந்த நுண்குழாய்களைக் காண முடியவில்லை. 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிஜி தவளையின் நுரையீரலில்தான் அவற்றைக் கண்டார். ஆக்சிஜனும் உணவும் கைமாறும் இடம் அதுதான் என்பதால், ஆசிரியர் இங்கே கட்டாயம் நிறுத்தி விளக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரியாறு வாய்க்கால் கைகொடுக்கிறது: தலைவாய்க்காலில் விரைந்து வரும் நீர், எண்ணற்ற வயல் வாய்க்கால்களாகப் பிரிந்து பரவும்போது மெதுவாகிறது. அதேபோல், பெருந்தமனியில் நொடிக்குப் பல சென்டிமீட்டர் ஓடும் இரத்தம் தந்துகிகளில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. ஒவ்வொரு தந்துகியும் மிகக் குறுகியதாக இருந்தாலும், அவற்றின் மொத்தக் குறுக்குவெட்டுப் பரப்பு பெருந்தமனியுடையதைவிடப் பன்மடங்கு பெரிது.

கால் தசைகள் சிரைகளை நெருக்கி இரத்தத்தை மேலே ஏற்றுவதும், நிணநீர் நாளங்களும் கருவியில் இல்லை. இந்த விலைக்கு அவற்றை எதிர்பார்க்க முடியாது.

உடன்வரும் கையேட்டை மட்டும் மாணவர் கையில் தராதீர்கள். விலங்குகள் அனைத்திலும் இரத்தம் இவ்வாறே மூடிய குழாய்களில் ஓடுவதாக அதில் அச்சிட்டிருக்கிறார்கள். இது தவறு. கரப்பான்பூச்சியின் முதுகுப்பக்க இதயம் இரத்தத் திரவத்தை உடற்குழிக்குள்ளேயே திறந்துவிடுகிறது. அதன் திசுக்களுக்கு ஆக்சிஜனைக் கொண்டு செல்வது அந்தத் திரவமன்று, தனியான மூச்சுக்குழல்களே. பத்தாம் வகுப்புப் பாடநூலில் வரும், இரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியில் உண்மையான இரத்த நாளங்களே கிடையாது. உடற்குழியிலிருந்து உருவான கால்வாய்களில்தான் திரவம் ஓடுகிறது.

கடைக்காரரைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. கசிந்த வால்வு ஒன்றைத் தயக்கமின்றி மாற்றிக் கொடுத்தார்; ரப்பர் குமிழ்களும் தனியே கிடைக்கின்றன. மோட்டார் பொருத்திய விலை கூடிய வகையும் அங்கே உண்டு, ஆனால் அழுத்தும் விசையை மாணவர் தம் கையால் உணர வேண்டும் என்பதால் கைக்கருவியையே பரிந்துரைக்கிறேன். வாங்கும்போது கடையிலேயே நீர் நிரப்பி நான்கு வால்வுகளையும் சோதித்துவிடுங்கள்.