வெண்டர் ஸ்கோர்கார்டு: பீன்யாவில் நான்கு வருடப் பயன்பாடு

பெங்களூரு பீன்யாவில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பார்க்கிறேன். எங்களுக்குச் சரக்கும் வேலையும் செய்து தரும் வெண்டர்களுக்கு மாதாமாதம் மார்க் போடும் எக்செல் ஷீட்டை நான்கு வருடமாக ஓட்டுகிறேன். காசு கொடுத்து சாஃப்ட்வேர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: எதில் போட்டாலும் ஒன்றுதான், என்ன கணக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள்.

நாங்கள் ஸ்கார் மாடலில் இருந்து 'பெர்ஃபெக்ட் ஆர்டர்' கணக்கை எடுத்தோம். சரக்கு வாங்கி, செய்து, அனுப்பும் வேலையை அளக்க 1996இல் சப்ளை செயின் கவுன்சில் கொண்டுவந்த மாடல் அது. சரக்கு முழுதாக வர வேண்டும், சொன்ன தேதியில் வர வேண்டும், சேதம் இருக்கக் கூடாது, பேப்பர் சரியாக இருக்க வேண்டும். நான்கில் ஒன்று பிசகினாலும் ஆர்டர் ஃபெயில். கொஞ்சம் கறாரான கணக்குதான். நான்கிலும் தனித்தனியே 95 சதவீதம் வாங்கும் வெண்டர்கூட, தப்புகள் வேறு வேறு ஆர்டரில் விழுந்தால் 80க்கு இறங்கிவிடுவார்.

முதல் வருடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்புறம்தான் 'சொன்ன தேதி' யார் சொன்ன தேதி என்ற வம்பு வந்தது. பி.ஓ.வில், அதாவது பர்ச்சேஸ் ஆர்டரில் இருக்கும் தேதியா, நடுவில் எங்கள் பிளானிங் ஆட்கள் போன் போட்டு மாற்றிய தேதியா? கியரைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து தரும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். "தம்பி, வாரத்துக்கு மூணு தடவ ஷெட்யூல மாத்துறது நீங்க. மார்க் கொறையுறது எனக்கா?"

ஆறு மாத மெயில்களைத் தோண்டிப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அன்றே ஷீட்டில் எங்களுக்கும் ஒரு பத்தி சேர்த்தேன்: உறுதி செய்த ஷெட்யூலை நாங்கள் எத்தனை தடவை மாற்றினோம், பணம் எத்தனை நாளில் கொடுத்தோம். என் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது.

பணத்துக்கு வருவோம். பேயைத் திருப்பி அனுப்ப வாசலில் 'நாளெ பா' (கன்னடத்தில் 'நாளை வா') என்று எழுதி வைத்த ஊர் இது. எங்கள் அக்கவுண்ட்ஸ் வெண்டர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. 2023-24 நிதியாண்டில் வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) வந்ததும் நிலைமை மாறியது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் கொடுத்துவிட வேண்டும். தாண்டினால் பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். என் ஷீட் இரண்டு வருடம் கத்தியும் நடக்காததை ஓர் உட்பிரிவு நடத்திக் காட்டியது.

ஷீட்டில் எனக்கு இன்னும் தீராத குறை, எல்லோருக்கும் ஒரே தராசு என்பது. ஜெரெஃபி, ஹம்ஃப்ரி, ஸ்டர்ஜன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2005இல் சப்ளை உறவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். வேலை எவ்வளவு சிக்கல், அதை எவ்வளவு எழுதிக் கொடுக்க முடியும், வெண்டருக்கு எவ்வளவு திறமை என்ற மூன்றை வைத்துப் பிரித்த பிரிப்பு. போல்ட் நட் வாங்குவது சந்தை உறவு. விலை பிடிக்காவிட்டால் அடுத்த கடை. ஆனால் கியர் வளையாமல் கடினப்படுத்தும் பக்குவம் டிராயிங்கில் முழுசாக வராது, அது அண்ணாச்சியின் கையில் இருக்கிறது. இருவரையும் ஒரே ஷீட்டில் ரேங்க் போட்டதில் போல்ட் கடைக்காரர் முதலிடம். சிரிக்காமல் என்ன செய்வது?

வெண்டரோடும் வாடிக்கையாளரோடும் நாங்கள் எவ்வளவு இணைந்து வேலை செய்கிறோம் என்று அளப்பதில் உதவியது ஃப்ரோலிக், வெஸ்ட்புரூக் இருவரின் 2001 ஆய்வு. 322 உற்பத்தி நிறுவனங்களைப் பார்த்து, வெண்டர் பக்கமும் வாடிக்கையாளர் பக்கமும் சேர்ந்து நன்றாகப் பின்னிக்கொண்டவைதான் அதிகம் முன்னேறின என்றார்கள். நாங்கள் வாடிக்கையாளரோடு மட்டும் பின்னியிருந்தோம். அவர்கள் தரும் மூன்று மாத ஃபோர்காஸ்ட்டை இப்போது எங்களுக்கு வார்ப்படம் செய்து தரும் கோயம்புத்தூர் ஃபவுண்டரிக்கும் அப்படியே அனுப்புகிறேன். காஸ்டிங் கேட்டு ராத்திரி போன் போடுவது குறைந்திருக்கிறது.

போன மாதம் எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட மார்க், அண்ணாச்சிக்குப் போட்டதைவிடக் குறைவு. அந்த ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சி தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்.