நாலரை வருடமாக ஓடும் ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ்: திணறியது ஏன், சரியானது எப்படி

2020 தீபாவளிக்கு வாங்கிய பாக்ஸ் இது. 2 ஜிபி ரேம், 8 ஜிபி ஸ்டோரேஜ், 4கே ஓடும் என்று அட்டையில் போட்டிருந்தது. அப்பாவுக்குப் பழைய பாட்டும் ராத்திரிச் செய்தியும், எனக்கு ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைத்திருக்கும் படங்கள், லீவுக்கு வரும் தங்கை பிள்ளைகளுக்குக் கார்ட்டூன் என்று இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2023 கோடையில் தகராறு ஆரம்பித்தது. ரிமோட்டை அழுத்தினால் இரண்டு விநாடி கழித்து நகரும், படம் பாதியில் நின்று வட்டம் சுற்றும், சில படங்கள் நிற்காமலே வெட்டி வெட்டி ஓடும். "இதோட ஆயுசு முடிஞ்சுது, புதுசா ஒண்ணு வாங்கிடு" என்றார் அப்பா. வாங்கவில்லை, அதே பாக்ஸ்தான் இன்றைக்கும் ஹாலில் ஓடுகிறது.

நான் செய்த முதல் தப்பு, இவை எல்லாவற்றையும் ஒரே நோயாக நினைத்து ஃபேக்டரி ரீசெட் போட்டது. இரண்டு முறை போட்டேன். ஒரு வாரம் பறக்கும், அப்புறம் பழைய கதைதான். அந்த ஒரு வாரம் ஏன் நன்றாக இருந்தது என்று யோசித்தபோதுதான் ஸ்டோரேஜ் பக்கம் கவனம் போனது. 8 ஜிபியில் பாதிக்கு மேல் சிஸ்டமே எடுத்துக்கொள்கிறது, மிச்சத்தில் ஆப்களும், அவை தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் கேஷும் சேர்ந்து எனக்கு 300 எம்பிதான் காலியாக இருந்தது. இந்த மாதிரி ஃபிளாஷ் நினைவகத்தில் காலி இடம் குறையக் குறைய எழுதும் வேகம் விழுந்துவிடும், ஏனென்றால் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத வேண்டும். படம் ஓட்ட நான் பயன்படுத்தும் கோடி (Kodi) ஆப்பில் போஸ்டர் படங்களைச் சேர்த்து வைக்கும் தம்ப்நெயில் ஃபோல்டர் மட்டும் 1 ஜிபியைத் தாண்டியிருந்தது! அதைக் காலி செய்து, தொடாத ஆப்களை நீக்கி, நீக்க முடியாதவற்றை டிஸேபிள் செய்து, எப்போதும் 1 ஜிபியாவது காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ரிமோட் தாமதம் அதோடு போய்விட்டது. ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ஆப்களைத் தயவுசெய்து போடாதீர்கள். அவை மூடிவிட்ட ஆப்பை மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருப்பதால் பாக்ஸுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

அடுத்தது வட்டம் சுற்றும் பிரச்சினை. சோபாவில் உட்கார்ந்து போனில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90 எம்பிபிஎஸ், அதே நேரத்தில் பாக்ஸில் போட்டால் 11. 4கேவுக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15தான், ஆக வீட்டுக்கு வரும் லைனில் குறை இல்லை. பாக்ஸ் இருந்த இடம்தான் குறை: சுவரில் மாட்டிய டிவிக்குப் பின்னால், டிவியின் உலோகத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில், அதுவும் பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் வந்து மோதும் 2.4 கிகாஹெர்ட்ஸில். இதில் நான் சந்தேகிக்கவே செய்யாத ஒன்று, பாக்ஸை ஒட்டியே தொங்கிய யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அந்தக் கேபிள் வெளிவிடும் இரைச்சல் சரியாக இதே 2.4 அலைவரிசையில் விழுகிறது, இன்டெல் 2012லேயே இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. ஒரு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி பாக்ஸை டிவியின் பக்கவாட்டுக்கு இழுத்து, டிஸ்கைத் தள்ளி வைத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் 11 என்பது 70 ஆனது.

பிறகு லேன் கேபிளும் இழுத்துவிட்டேன். இந்த பாக்ஸின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை, கையில் கிடைப்பது 94. ஆன்லைனில் பார்ப்பதற்கு இது தாராளம். ஆனால் 4கே ப்ளூரே டிஸ்கிலிருந்து அப்படியே எடுத்த ஃபைல்கள் சில இடங்களில் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டும், அவற்றைக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக ஓட்டினால் சண்டைக் காட்சி வந்தவுடன் நிற்கும். அப்படிப்பட்டவற்றை ஹார்ட் டிஸ்கில் போட்டு யுஎஸ்பியில் நேராகச் செருகிவிடுவது மேல். மற்ற ஃபைல்களுக்குக் கோடி 21ல் சர்வீசஸ் பகுதிக்குள் கேஷிங் என்று ஒரு பக்கம் இருக்கிறது, அதில் படத்தை முன்கூட்டியே ரேமில் எடுத்து வைக்கும் அளவை 20 எம்பியிலிருந்து 128 ஆக்கினேன், போதும். 2 ஜிபி ரேமில் அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

இனி என்னை அதிகம் அலைக்கழித்த விஷயம். வட்டம் சுற்றாது, ரிமோட் வேகமாக இருக்கும், ஆனால் கேமரா வயல்வெளியில் மெதுவாக நகரும்போது மட்டும் படம் ஒரே தாளத்தில் தட்டித் தட்டி நகரும். இன்டர்நெட்டைத் திட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருந்தேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம், பெரும்பாலான ஃபைல்களில் 23.976. பாக்ஸோ எதைப் போட்டாலும் 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை அனுப்புகிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை, அரை முறை காட்ட வழியில்லை, எனவே ஒரு ஃபிரேம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையும் திரையில் நிற்கிறது. அந்தச் சமமின்மையைத்தான் கண் தடுக்கலாக உணர்கிறது. கோடியில் பிளேயர் செட்டிங்கில் வீடியோஸ் பகுதிக்குள் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றும் ஆப்ஷன் இருக்கிறது. அது கண்ணில் படவில்லை என்றால் கீழே இடது மூலையில் செட்டிங் அளவை எக்ஸ்பெர்ட் ஆக்கிப் பாருங்கள். படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மாறட்டும் என்று வைத்தேன். டிவி ஓரிரு விநாடி கறுத்துவிட்டு வரும், பயப்பட வேண்டாம். அன்று ராத்திரி ஒரு பழைய படத்தில் படகு போகிற காட்சியைப் பார்த்துவிட்டு, நான் எதுவும் சொல்லாமலே, "என்னடா, டிவி மாத்திட்டியா?" என்று அப்பா கேட்டார். எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. 25 ஃபிரேமில் வரும் டிவி நிகழ்ச்சிகளுக்கு 50 ஹெர்ட்ஸ் வேண்டும். புதிய ஆண்ட்ராய்டு டிவிகளில் இதைத் தானாகப் பார்த்துக்கொள்ளும் செட்டிங் இருக்கிறது, ஆப்பும் ஒத்துழைக்க வேண்டும். என்னுடைய பாக்ஸில் அந்த வசதி இல்லாததால் ஆன்லைன் ஆப்களுக்கு நானே கையால் மாற்றுகிறேன்.

மத்தியானம் திணறி, காலையில் நன்றாக ஓடினால் அது சூடு. முன்பு கேபிள் டிவி பெட்டியின் மேலேயே இதை வைத்திருந்தோம், மே மாதத்தில் தொட்டால் கை சுடும். சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அடியில் நாலு பாட்டில் மூடி வைத்துத் தூக்கி, ஓட்டைகளில் இருந்த தூசியை பிரஷால் தட்டியதோடு சரி, செலவே இல்லை.

ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போதெல்லாம் பாக்ஸ் ரீஸ்டார்ட் ஆனதற்கு அடாப்டர் காரணம். கூட வந்தது 5 வோல்ட் 2 ஆம்பியர், வயதாகித் தளர்ந்திருந்தது. 5 வோல்ட் 3 ஆம்பியர் ஒன்று வாங்கினேன். ஆம்பியர் கூடலாம், வோல்ட் மாறக் கூடாது, செருகும் பின்னும் பொருந்த வேண்டும்.

சரியாகாதது ஒன்று உண்டு. ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் காட்டும் வசதி இந்த சிப்பில் கிடையாது, மென்பொருளால் ஓட்டப் பார்த்து மூச்சு வாங்கும். யூடியூபில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்ற தகவல் பெட்டியைப் போட்டு, டிராப்டு ஃபிரேம்ஸ் (காட்டாமல் விட்ட ஃபிரேம்கள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் குறை நெட்டில் இல்லை, பாக்ஸில்தான். சிப்பில் இல்லாத வசதியை எந்த செட்டிங்கும் கொண்டுவராது, என்னிடம் இருக்கும் ஏவி1 ஃபைல்களை இந்த சிப்புக்குத் தெரிந்த எச்இவிசி வகையாக மாற்றி வைத்துக்கொள்கிறேன். புது பாக்ஸ் வாங்கும் நாள் வந்தால் ஏவி1, கிகாபிட் லேன் போர்ட், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஃபிரேம் ரேட் தானாக மாறும் வசதி இந்த நாலையும் பார்த்த பிறகுதான் விலையைக் கேட்பேன்.