லினக்ஸ் உதவி என்று இன்பொக்ஸுக்கு அழைத்தால் போகாதீர்கள்: எனக்குப் போனது 27,500 ரூபா

இதை எழுதும்போது இரவு பதினொன்றரை மணி. போன கிழமை 27,500 ரூபா ஏமாந்தேன். வெட்கத்தில் வீட்டாருக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் இன்று மாலை அதே ஆள் அதே குழுவில் இன்னொரு பிள்ளைக்கு "இன்பொக்ஸுக்கு வாங்க, பாத்துத் தாறன்" என்று எழுதியிருப்பதைக் கண்டதும் வயிறு எரிந்துபோய்விட்டது. இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானும் அவனுக்கு உடந்தை.

நான் திருகோணமலை உவர்மலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள். கணினித் துறைக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. வினாத்தாள் அடிக்க, சூம் வகுப்பு எடுக்க ஒரு லப்டொப், அவ்வளவுதான். அதில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் என்னுடையதில் இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை புரொசசர், அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். புது லப்டொப் வாங்க இப்போது வழியில்லை. அப்போதுதான் என்னிடம் படித்த ஒரு பையன் "டீச்சர், லினக்ஸ் மின்ட் போடுங்க, காசில்லை, பழைய மெஷினிலும் நல்லா ஓடும்" என்றான். லினக்ஸ் மின்ட் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். அவன் சொன்னது முழுக்க உண்மை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பென்ட்ரைவில் ஏற்றி, விண்டோஸ் இருந்த சி பகுதியில் மின்டைப் போட்டு, என்னுடைய ஃபைல்கள் இருந்த டி பகுதியைத் தொடாமல் விட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் நானே செய்து முடித்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

வைஃபை மட்டும் வேலை செய்யவில்லை. வைஃபை இருக்கிற அடையாளமே திரையில் இல்லை.

முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் இருக்கிற ஒரு தமிழ் லினக்ஸ் உதவிக் குழுவில் கேட்டேன். எந்தச் செயலியில், என்ன பெயரில் என்று சொல்லப் போவதில்லை, அப்படிப்பட்ட குழுக்கள் நிறைய இருக்கின்றன, எல்லாவற்றிலும் இது நடக்கலாம். மரியாதையாகத்தான் கேட்டேன், லப்டொப் மாடலும் போட்டேன். ஒருவர் "தேடினாலே கிடைக்கும்" என்றார். இன்னொருவர் "லொக் அனுப்புங்க" என்றார், லொக் என்றால் என்ன, எங்கே எடுப்பது என்று கேட்டேன், அதற்குப் பதிலே இல்லை. மூன்றாவது ஆள் மின்டே குழந்தைகளுக்கானது, ஆர்ச் போடுங்கள் என்றார், அது இன்னொரு லினக்ஸ் வகையாம், அதன் கீழே நான்கைந்து பேர் ஆர்ச்சா, டெபியன் என்ற வேறொரு வகையா என்று சண்டை. என் கேள்வி அடியில் புதைந்துபோனது. கண்ணில் தண்ணீர் வந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஒன்லைன் வகுப்பு இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவன் வந்தான். குழுவில் எழுதவில்லை, நேரே எனக்கு மெசேஜ். "வணக்கம் அக்கா. அவங்க இப்படித்தான், புதுசா வாறவங்கள மதிக்க மாட்டாங்க. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, பத்து நிமிஷ வேல."

இந்த ஒரு மெசேஜில்தான் நான் விழுந்தேன். அன்று முழுக்க என்னிடம் மனுசரைப் போலப் பேசிய ஒரே ஆள் அவன். சாப்பிட்டீங்களா என்று கேட்டான். என்ன பாடம் படிப்பிக்கிறீங்க என்று கேட்டான். தன் அம்மாவும் ஒரு டீச்சர்தான் என்றான். அவசரப்படுத்தவே இல்லை. போனை யூஎஸ்பி வயரால் லப்டொப்பில் கொழுவி இன்டர்நெட் எடுக்கச் சொல்லிக்கொடுத்தான், எடுத்தேன். தூரத்திலிருந்து பார்க்கிற புரோகிராம் ஒன்றைப் போடச் சொன்னான், போட்டேன். என் பாஸ்வேர்டைக் கேட்டான், கொடுத்தேன். என் கண் முன்னே மவுஸ் தானாக நகர்ந்து ட்ரைவர் மனேஜரைத் திறந்தது. அதில் என் வைஃபை சிப்புக்கு ஒரு ட்ரைவர், அதாவது அந்தச் சிப்பை வேலை செய்ய வைக்கிற மென்பொருள், காட்டியது, பக்கத்தில் அது தனியுரிமை மென்பொருள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல். அதைச் சுட்டிக்காட்டி, "பாருங்க அக்கா, இது லினக்ஸ்ட சொந்த ட்ரைவர் இல்ல, கொம்பனிட. இதுக்கு லைசன்ஸ் எடுக்கணும், என்ட அக்கவுண்டில எடுத்தா 7,500 தான் வரும்" என்றான்.

சரி என்று அனுப்பினேன். வங்கிக் கணக்கு வேறொரு பெண்ணின் பெயரில் இருந்தது. மனைவி என்றான். ஐந்து நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது.

நன்றாகக் கேளுங்கள். அந்த ட்ரைவருக்கு ஒரு சதம்கூட இல்லை. தனியுரிமை என்றால் அதை எழுதிய மூலக் குறியீட்டை எல்லாரும் பார்க்கத் திறந்து தரவில்லை என்றுதான் அர்த்தம், அதற்கும் காசுக்கும் தொடர்பில்லை. போன் வழியாக இன்டர்நெட் வந்த அந்த நொடியிலேயே நானே ட்ரைவர் மனேஜரைத் திறந்து, அந்த வரியைத் தெரிவு செய்து, பொத்தானை அழுத்தி, மெஷினை ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணியிருந்தால் வேலை முடிந்திருக்கும். இலவசமாகக் கிடப்பதை என் திரையிலேயே எடுத்து எனக்கே 7,500 ரூபாவுக்கு விற்றிருக்கிறான்.

எனக்கு அப்போது தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா, குழுவில் போய் அவன் பெயரைப் போட்டு "கடவுள் மாதிரி வந்து உதவினார்" என்று நன்றி எழுதினேன். அந்தப் பதிவைத்தான் இப்போது அவன் மற்றவர்களுக்குக் காட்டுகிறான். அழிக்கச் சொல்லி மூன்று தடவை அட்மினுக்கு எழுதிவிட்டேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

இரண்டாவது நாள் நடந்ததுதான் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. என் பழைய வினாத்தாள்கள் எல்லாம் பாமினியில் அடித்தவை. இங்கே டீச்சர்மாருக்குச் சொல்லத் தேவையில்லை, அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் கண்டபடி நிற்கும். மின்டில் திறந்தபோதும் அதுதான் நடந்தது. அவனையே கேட்டேன். உங்கள் டி பகுதி விண்டோஸ் முறையில் இருக்கிறது, அதனால்தான் தமிழ் உடைகிறது, லினக்ஸ் முறைக்கு மாற்ற வேண்டும், ஃபைல்கள் அப்படியே இருக்கும் என்றான். ஒரு வரி கட்டளை அனுப்பினான். டேர்மினல் என்கிற கட்டளை அடிக்கும் திரையில் பேஸ்ட் பண்ணச் சொன்னான். சூடோ (sudo, மெஷினில் முழு அதிகாரம் கொடுக்கிற சொல்) என்று தொடங்கி, அடுத்தது எம்கேஎஃப்எஸ் (mkfs), கடைசியில் என் டி பகுதியின் பெயர். பேஸ்ட் பண்ணினேன். இதில் ஏற்கெனவே என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் முறை இருக்கிறது, ஆனாலும் தொடரவா என்று அந்த மெஷினே ஆங்கிலத்தில் கேட்டது. அந்தப் பாவம் பிடித்த மெஷின் என்னை எச்சரித்தது! நான் பயந்து அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன்.

"வை (Y, ஆம்) அடிங்க அக்கா. அது சும்மா கேக்கும்."

வை அடித்தேன். இரண்டு மூன்று நொடி. ஆறு வருட வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல்கள், 2018 சிவராத்திரிக்கு கோணேசர் கோவிலில் அப்பாவோடு எடுத்த படங்கள், எல்லாம் போய் வெறும் பகுதி. அப்பா இப்போது இல்லை.

எம்கேஎஃப்எஸ் என்பது ஒரு பகுதியில் இருப்பதை நீக்கி, அதைப் புதிதாக ஃபோர்மட் பண்ணுகிற கட்டளை. அவனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கவே முடியாது, ஏனென்றால் நான் அழுதுகொண்டு மெசேஜ் போட்ட அடுத்த நிமிடமே விலை ரெடியாக வந்தது. மீட்கிற மென்பொருள் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டுமாம், 20,000 ரூபாவாம், கிடைக்காவிட்டால் பாதி திருப்பித் தருவானாம். அப்பாவின் படங்கள் என்றதும் எனக்கு வேறு யோசனை வரவில்லை. அன்றிரவே போனில் அனுப்பினேன். 7,500 உம் 20,000 உம் சேர்த்து 27,500. நான் ஒரு பிள்ளையிடம் மாதம் 1,000 ரூபாதான் வாங்குகிறேன். இருபத்தேழு பிள்ளைகளின் ஒரு மாதக் காசு, அதற்கு மேலும் 500.

அதற்குப் பிறகு தொடங்கியது ஏய்ப்பு. முதல் நாள் "வேலையில இருக்கன், இரவுக்குப் பாப்பம்". அடுத்த நாள் "இங்க நெட் சரியில்ல". மூன்றாம் நாள் காலையிலிருந்து நீல டிக் மட்டும். கோல் எடுத்தால் கட் பண்ணுவான். காசையாவது திருப்பித் தாருங்கள் தம்பி என்று கெஞ்சினேன், அதற்கு வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "நீங்கதானே அக்கா வை அடிச்சீங்க. நானா அடிச்சன்?" அதோடு என்னை புளொக் பண்ணிவிட்டான்.

குழு அட்மினிடம் ஸ்கிரீன்ஷொட்களோடு போனேன். இன்பொக்ஸில் நடப்பதற்குக் குழு பொறுப்பில்லை என்று ஒரு வரி. மற்றவர்களை எச்சரித்து நான் எழுதிய பதிவை அனுமதிக்கவில்லை, குழுவின் பெயர் கெடுமாம். வங்கியில் கேட்டால், நீங்களே விரும்பி அனுப்பிய காசு, எங்களால் திருப்ப முடியாது என்றார்கள். அனுமதியில்லாமல் ஒருவரின் கணினித் தரவை அழிப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

கோணேசபுரி கம்பஸில் படிக்கிற ஒரு தம்பி, என் மாணவி ஒருத்தியின் அண்ணன், விஷயம் கேள்விப்பட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். முதலில் அந்த டிஸ்கில் எதையும் எழுதாமல் இன்னொரு டிஸ்குக்கு அப்படியே நகல் எடுத்தார், பிறகு ஃபோட்டோரெக் என்ற புரோகிராமை ஓட விட்டார். அதுவும் இலவசம். ராத்திரி முழுக்க ஓடியது. படங்கள் கொஞ்சம் வந்தன, அப்பா நிற்கிற படம் இரண்டு வந்தது. வினாத்தாள்களில் பாதிக்கும் குறைவு, ஒன்றிலும் பெயர் இல்லை, வெறும் எழுத்தும் எண்களும்தான், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பணம் கட்டிய பிறகு அவன் அதே டிஸ்கில் என்னவோ ஏற்றச் சொல்லி நான் ஏற்றியிருந்தேன், அதுவும் சேர்ந்து பழையதை அழித்திருக்கும் என்றார் தம்பி. பாமினிப் பிரச்சினைக்கு அவர் செய்தது, எழுத்துரு ஃபைலை டபிள் கிளிக் பண்ணி இன்ஸ்டோல் பொத்தானை அழுத்தியது. ஒரு நிமிடம். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார், பெட்ரோல் காசு கொடுத்தும் வாங்கவில்லை.

குழுவில் இருக்கிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள், 1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் ஹெல்சின்கியில் இருந்து எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத்தான் இந்த லினக்ஸ் எல்லாம் தொடங்கியது என்று. பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் ஒருத்தி வைஃபை வரவில்லை என்று கேட்டால் "தேடு" என்கிறீர்கள். "ட்ரைவர் மனேஜரைத் திறந்து பாருங்கள்" என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? நீங்கள் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியைத்தான் அவன் விற்கிறான்.

புதிதாக வருகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், நேரம் பன்னிரண்டரை ஆகிவிட்டது, காலையில் வகுப்பு. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பதிலை எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே வாங்குங்கள், பிழையான கட்டளை என்றால் யாராவது ஒருவர் கத்துவார். சூடோ என்று தொடங்கும் வரி எதையும் அர்த்தம் தெரியாமல் பேஸ்ட் பண்ணாதீர்கள், அதில் டிஸ்கையோ ஃபைல்களையோ அழிக்கக்கூடிய எம்கேஎஃப்எஸ் (mkfs), டிடி (dd), ஆர்எம் (rm) இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். மெஷின் கேள்வி கேட்டால் வாசியுங்கள். பாஸ்வேர்ட் கொடுக்காதீர்கள். மின்டில் ட்ரைவருக்குக் காசு என்று யார் சொன்னாலும் அவர் கள்ளன். தொடங்க முதல் ஃபைல்களை வேறொரு டிஸ்குக்கு நகல் எடுங்கள், நான் எடுக்கவில்லை. பென்ட்ரைவில் இருந்தே மின்டை ஓட்டிப் பார்க்கலாம், வைஃபை வருகிறதா என்று அதில் பார்த்துவிட்டு பிறகு போடுங்கள்.

இன்று மாலை ஐந்தரைக்கு அந்தக் குழுவில் "மின்ட் போட்டேன், வைஃபை காட்டுதில்லை, யாராவது உதவுங்க" என்று கேட்ட பிள்ளை, இது உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்களுக்கு நேரே அனுப்ப முடியவில்லை, அதற்குள் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். போனை வயரால் லப்டொப்பில் கொழுவுங்கள், போனில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் இன்டர்நெட்டை லப்டொப்புக்குக் கொடுக்கிற வசதி) ஒன் பண்ணுங்கள், மெனுவில் ட்ரைவர் மனேஜர் என்று தேடித் திறவுங்கள், காட்டுகிற ட்ரைவரைத் தெரிவு செய்து இன்ஸ்டோல் பண்ணி ரீஸ்டார்ட் கொடுங்கள். வராவிட்டால் இதன் கீழேயே கேளுங்கள். அந்தத் தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் பதில் எழுதுவார். அவனுக்கு மட்டும் பதில் போடாதீர்கள்.